அண்ணன் மேடையை விட்டு இறங்கிய காரணம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், சித்தூர் மண்டித் தெருக்காரர்களுக்கும், அவருடன் வேஷம் கட்டியவர்களில் மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். “அத்தே, நைனாவப் பத்தி நீங்கதான் எழுதணும். முப்பது வருசம் புள்ளைங்கள கட்டுரை எழுத வெச்சவங்களாச்சே” என்று அண்ணன் மகன் சொன்னபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் பயந்தாங்கொள்ளி. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வாசலில் ‘தந்தி’ என்று யாராவது கூப்பிட்டால், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழுதுவிடுவேன். ஆனால் இது அந்தப் பயம் அல்ல. இதைப் படித்து முடித்தபின் உங்களில் எத்தனை பேர் என் முகத்தில் விழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஒரு கல்லடிக்குப் பயந்து நாடகத்தை விட்டுவிட்டார் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒருவன் இப்போது தன் வாழ்க்கையை முடிவு செய்யப் போகிறான். அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அண்ணன் பிறந்தது சத்தியவேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில். வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்டுச் சாப்பிட்ட குடும்பம். அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு நான்கு வயது இருக்கும்போது ஊரில் வாந்திபேதி வந்தது. ஒரே வாரத்தில் நைனாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சித்தூர் வந்தார். வெல்ல மண்டி ஒன்றில் கோணி தைக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு தராசு பிடித்தார், பிறகு ஏலம் கூவினார். எட்டே வருஷத்தில் மண்டிக்காரர் தன் மகளையே கொடுத்து அவரைக் கூட்டாளியாகவும் ஆக்கிக்கொண்டார். அந்த மகள்தான் எங்கள் அண்ணி. என்னைத் தமிழும் தெலுங்கும் படிக்க வைத்தார் அண்ணன். அவர் மண்டியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் தெருமுனையில் போய் நின்றுவிடுவேன். இருக்கிற ஒரே ஆளும் போய்விட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விலை பேசுகிறபோது வாயைத் திறக்கமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையோடு கை கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்தான் பேசும். பிடிக்கவில்லை என்றால் கையை உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காமல் இருந்து, துண்டை எடுத்தாகிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது. எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். தலை போனாலும் மாற்றமாட்டார்கள்.

திருப்பதிக்கு வெல்லம் ஏற்றிப் போகும்போதெல்லாம் அண்ணன் அங்கே கொட்டகை போட்டிருக்கும் நாடகங்களைப் பார்த்துவிட்டு வருவார். முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “இனிமே நான் மண்டிக்குப் போவல. நாடகம் போடப் போறேன்” என்றார். அண்ணியின் நைனா வந்து வாசலில் நின்று கத்தினார். “கூத்தாடிக்கா பொண்ணக் குடுத்தேன்?” என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. நான் அண்ணி முகத்தைப் பார்த்தேன். அண்ணி தடுத்துவிடுவாள் என்று நம்பினேன்.

அண்ணி நிதானமாகச் சொன்னாள்: “நைனா, இவரு மண்டியில இருந்த வரைக்கும் தூக்கத்துல கூட சிரிச்சதில்ல. போன வாரம் சிரிச்சாரு. நான் பாத்தேன். வுட்டுடு.”

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வாத்தியார் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணன் சேர்த்த குழுவுக்குச் சபா கிடையாது, காண்ட்ராக்டர் கிடையாது, புரவலர் என்று எந்த ஜமீனும் கிடையாது. மண்டிக்காரர்களே நடிகர்கள். தராசு பிடித்த முனிரத்தினம் மீசையை எடுத்துவிட்டுப் பெண் வேஷம் கட்டினார். காலியாகக் கிடந்த வெல்லக் கிடங்கில் ஒத்திகை. தரையெல்லாம் எறும்பு. சோகக் கட்டத்தில் முனிரத்தினம் கண்ணைக் கசக்கிக்கொண்டே காலைச் சொறிவார். விளக்கு வசதி இல்லாததால் பட்டப்பகலில், சந்தை கூடுகிற இடங்களில், இரண்டு கட்டை வண்டிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஆடினார்கள். திரைக்குப் பின்னால் ஏட்டை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அண்ணன் எழுதிய நாடகம் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றியது. எல்லை பிரிக்க வந்த அதிகாரி அவர்கள் வீட்டு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுகிறான். அடுப்பு ஒரு ராஜ்யம், பாய் ஒரு ராஜ்யம். அவன் தெலுங்கு பேசுவான், அவள் தமிழ் பேசுவாள். சந்தையில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் காலம் சிரிக்கிற காலம் இல்லை. ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய், எந்தத் தாலுகா யாருக்கு என்று முடிவாகாமல் இழுபட்ட வருஷங்கள் அவை. ஸ்டேஷனில் ஊர்ப்பெயர் எழுதிய பலகைமேல் தார் பூசினார்கள். இன்று ஒரு கூட்டம் தமிழில் கோஷம் போட்டுப் போனால் நாளை ஒரு கூட்டம் தெலுங்கில் போகும். கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வியாபாரம் செய்தார்கள். பஸ்ஸில் எந்த பாஷையில் டிக்கெட் கேட்பது என்று யோசித்து, நான் வாயைத் திறக்காமல் சில்லறையை நீட்டிவிடுவேன்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் அண்ணன் திரைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். இது உங்களில் யாருக்கும் தெரியாது. சொம்பில் தண்ணீர் கொடுத்தவள் நான்.

“பயமா இருக்குதாண்ணா?”

“வயிறு கலங்குது பாப்பா. பயந்தான்.”

“அப்ப வேணாமே. வூட்டுக்குப் போயிடலாம்.”

வாயைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: “பயம் பாட்டுக்கு இருக்கட்டும். நாம பாட்டுக்கு ஏறலாம்.”

புத்தூர் சந்தையில் நாடகம் என்று முடிவான வாரம், ஒருநாள் காலையில் ஆறுமுகம் ஐயா கிடங்குக்கு வந்தார். மண்டிக்குப் பழைய வாடிக்கை. தமிழ்ப் பக்கத்துக் கமிட்டியில் பெரிய ஆள். “தம்பி, புத்தூர்ல ஆடுறே, சந்தோசம். ஆனா தெலுங்கு ஒரு வார்த்த வரக்கூடாது. வந்துச்சுன்னா பசங்கள என்னால அடக்க முடியாது” என்றார். சொல்லிவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து அண்ணன் கைமேல் போட்டு, உள்ளே கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் வெங்கட்ராமய்யா வந்தார். அவரும் மண்டி வாடிக்கைதான். தெலுங்குப் பக்கத்துக்காரர். “அரவ மாட்ட ஒக்கட்டி கூட வினிப்பிஞ்ச கூடாது, தெலுசா நைனா?” என்றார். தமிழ் ஒரு வார்த்தைகூடக் காதில் விழக்கூடாதாம். அவரும் துண்டைப் போட்டார், கையைப் பிடித்தார், எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாண்ணா, ரெண்டு பேருக்கும் கைய குடுத்துட்டியே!”

“இழுத்துக்கலாம்னுதான் நெனச்சேன் பாப்பா. பயத்துல கை வரல.”

“இல்லேன்னு சொல்லிடு. எழுதியா குடுத்தே? யாரு பாத்தா?”

தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்தச் சொன்னது போல அண்ணனும் முனிரத்தினமும் என்னைப் பார்த்தார்கள். முனிரத்தினம் சொன்னார்: “துண்டு எடுத்தாச்சும்மா. இனிமே மாத்தறதுக்கில்ல. மொதலாளி, புத்தூருக்குப் போவாம இருந்துடலாமா?”

“போறேன்னும் வாக்கு குடுத்துக்கிறோமே” என்றார் அண்ணன். மறுபடியும் உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு, “ரெண்டு பேரு சொன்னதையும் செஞ்சிடலாம். தமிளும் வாணாம், தெலுங்கும் வாணாம். பேசாமயே ஆடலாம்” என்றார்.

வேறு தொழிலில் இருக்கிற யாராவது இப்படி ஒரு வாக்கை வாக்கு என்று மதிப்பார்களா? வெல்ல மண்டியில் பதினான்கு வருஷம் உட்கார்ந்த மனிதர்தான் செய்வார். மூன்று நாள் எறும்புகளுக்கு நடுவில் வாய் பேசாமல் ஒத்திகை நடந்தது.

புத்தூரில் அன்று காலைச் சந்தைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். வண்டி மேடைக்கு இடது பக்கம் ஆறுமுகம் ஐயா ஆட்கள், வலது பக்கம் வெங்கட்ராமய்யா ஆட்கள். இரண்டு பக்கமும் வேட்டி மடியில் கனமாக எதையோ கட்டியிருந்தார்கள். எனக்கு அன்று வேலையே இல்லை. எடுத்துக் கொடுக்க வசனம் இருந்தாலாவது கண் ஏட்டில் இருக்கும். திரை ஓட்டை வழியாக அந்த மடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணன் வாந்தி எடுத்தார். நான் சொம்பை நீட்டினேன். பிறகு அவர் ஏறிவிட்டார்.

அதிகாரி வேஷக்காரன் மேடை நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டான். முனிரத்தினம் அந்தப் பக்கம் கஞ்சி காய்ச்சினார். அண்ணன் இந்தப் பக்கம் பசியோடு நின்றார். ஒரு வார்த்தை இல்லை. முன்வரிசையில் இரண்டு பக்கத்து ஆட்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சிக் கலயம் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அதிகாரி தடுக்கிறான். அப்போது முனிரத்தினம் இடுப்புத் துணியை அவிழ்த்துக் கோட்டின்மேல் விரித்தார். புருஷனும் பெண்டாட்டியும் துணிக்கு அடியில் கையைக் கோத்து, மண்டிக்காரர்கள் விலை பேசுவது போல விரலால் கஞ்சிக்குப் பேரம் பேசினார்கள். அவள் ஒரு விரல் கேட்கிறாள், இவன் முகம் சுளிக்கிறான். சந்தை முழுக்க வாங்குகிறவனும் விற்கிறவனும்தானே! அவ்வளவு பேருக்கும் புரிந்தது. ஒரே சிரிப்பு. ஆறுமுகம் ஐயா சிரித்தார். வெங்கட்ராமய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதல்முறையாக மூச்சு வந்தது.

அப்போதுதான் கல் வந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணன் புருவத்துக்கு மேல் பட்டது. ரத்தம் கண்ணை மூடி, கன்னத்தில் இறங்கி, சுண்ணாம்புக் கோட்டில் சொட்டியது. அவர் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சிக் கலயத்தை வாங்கிக் குடித்து, கடைசிக் கட்டம் வரை ஆடி முடித்தார். பாதிப்பேர் ரத்தத்தை வேஷம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் எனக்குப் புடவை நனைந்துவிட்டது. இந்த வயதில் அதை எழுத எனக்கென்ன வெட்கம்! ஆறுமுகம் ஐயா தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். வெங்கட்ராமய்யா ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். தையல் போட்டுக்கொண்டு பொழுது சாய்வதற்குள் சித்தூருக்கு வந்துவிட்டோம்.

இனிமேல் சொல்வதைத்தான் நான் இத்தனை வருஷம் சொல்லவில்லை.

கூடத்தில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு. ஆனால் முகத்தில் சிரிப்பு. “பாத்தியா பாப்பா, பேசாமயே ஆடிட்டோம். அடுத்தது நகரியில” என்றார். ‘அடுத்தது’ என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்து என் தலைமேல் வைத்தேன்.

“இனிமே மேடை ஏறமாட்டேன்னு சொல்லு.”

“இன்னா பாப்பா இது, கைய வுடு.”

“சொல்லுண்ணா! நீயும் பூட்டா எனக்கு யாரு இருக்கா? நீ ஏறினேன்னா அன்னிக்கே நான் கெணத்துல வுழுந்துடுவேன். சத்தியமா வுழுவேன்.”

சமையலறை வாசலிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். “ஏம்மே, இன்னா பேச்சு பேசற நீ? வுடு அவர!” என்று என் கையைப் பிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வயதில் தோளில் தூக்கி வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. “சரி. ஏறல” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னாள்: “நீ அவரக் காப்பாத்தல. உன்னக் காப்பாத்திக்கினே.” அதற்குப் பிறகு இந்த நாள்வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுத்ததும் இல்லை.

மறுநாள் முனிரத்தினமும் மற்றவர்களும் வந்து கேட்டார்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “கல்லு பட்டதுல பயந்துட்டேன்டா. என்னால ஆவாது” என்றார். பொய்! வயிறு கலங்கிக் கலங்கி ஏறிய மனிதர் அவர். என் பேர் வெளியில் வராமல் இருக்க, பயந்தாங்கொள்ளி என்ற பேரைத் தானே எடுத்துக்கொண்டார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு திருமலைக்குப் போய் நான் மொட்டை அடித்துக்கொண்டேன். அண்ணன் நாடகத்தை விட்டால் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தேன். ஊரில் கேட்டவர்களுக்குப் பரீட்சை பாஸானதற்கு என்று சொன்னேன். கூட நடந்து வந்தவர் அண்ணன்தான். வெளியே வந்தபோது என் தலையில் சந்தனம் தடவிக்கொண்டே, “இப்ப பயம் போச்சா?” என்று கேட்டார். “போச்சுண்ணா” என்றேன். போகவே இல்லை.

எல்லை முடிவாயிற்று. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கம். அண்ணன் திரும்ப மண்டியில் உட்கார்ந்தார், பெரிய ஆளானார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கல்யாண வீடுகளில் நீங்கள், “மாமா, கீழ கல்லு இருக்குதா பாத்து உக்காருங்க” என்று கேலி செய்வீர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். முனிரத்தினம் திருத்தணிக்குக் குடிபோய் அந்த ஊமை நாடகத்தைச் சொந்தமாக நடத்தினார். ஒருமுறை அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். துணிப் பேரக் கட்டம் வந்தபோது அவர் விரல்கள் தானாக அசைந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “பசிக்கல பாப்பா” என்றார். ‘அண்ணா, அந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன், நீ ஏறு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முப்பது வருஷத்துக்கு மேல் என் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த ரத்தம் கண்ணில் வந்து நின்றது. நான் சொல்லவில்லை.

கடைசியில் திருப்பதி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். அண்ணன் மகன் மண்டி வேலையை விட்டுவிட்டு ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டான். ஒருநாள் காலை கஞ்சி ஊட்டிக்கொண்டே, “நைனா, மண்டிய மச்சான்கிட்ட குடுத்துட்டு சினிமா எடுக்கலாம்னு பாக்கறேன். கம்பெனிகிம்பெனி இல்லாம, நானும் நாலு சிநேகிதனுங்களும் சேர்ந்து. நீ சொல்லு. நீ எதுக்கு அன்னிக்கி வுட்டே?” என்று கேட்டான்.

நான் கட்டில் பக்கத்திலேயே ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, “பயம்டா. ஒரு கல்லுக்குப் பயந்துட்டேன்” என்றார். சாகிற நேரத்திலும் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் அந்த நேரத்தில்கூட அவருக்காகப் பேசவில்லை. பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு வருஷமாக சினிமா என்ற பேச்சையே எடுக்கவில்லை. நைனாவுக்கே முடியவில்லை, எனக்கு எங்கே முடியும் என்று அவன் சிநேகிதனிடம் சொன்னதாக என் காதில் விழுந்தது.

கடைசி நாட்களில் உதவிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், பாடையைத் தூக்கிய மண்டித் தெருப் பிள்ளைகளுக்கும், திருத்தணியிலிருந்து அந்தத் தள்ளாத வயதிலும் வந்து அழுத முனிரத்தினத்துக்கும், அன்று துண்டைக் கிழித்தவருக்கும் ஜட்கா பிடித்தவருக்கும், அவர்கள் இன்று இல்லாவிட்டாலும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காலில் விழுகிறேன்.

கேலி செய்தவர்கள் இனி என்னைக் கேலி செய்யுங்கள்.

கண்ணு, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீதான் முதலில் படிப்பாய் என்று தெரியும். உன் நைனா பயந்தவர்தான், ஆனால் பயந்துகொண்டே ஏறியவர். அவரை இறக்கியது நான். கல் அல்ல. நீ மண்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போடா. எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது, நீ படம் எடுத்து முடிக்கிறவரை கலக்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் எந்தச் சத்தியமும் கேட்கமாட்டேன்.